குழாய்த் தண்ணி மணக்குது

முதலில் நினைவுக்கு வருவது ஒரு கிளாஸ் தண்ணீர். தேத்தண்ணிக்கடைகளில் பாவிக்கும், கோடு போட்ட தடித்த கிளாஸ். ஒருவர் அதைக் கொண்டுவந்து என் மேசையில், பதிவேட்டுக்கும் மைக்கூட்டுக்கும் நடுவில் வைத்தார். இறங்குதுறைத் தெருவைக் கடந்து, எங்கள் கந்தோர் வாசலின் மூன்று படி ஏறி, வரிசையில் நின்ற ஆட்களுக்குள்ளால் நடந்து வந்தும் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. நாள் முழுவதும் சுடச்சுடத் தேத்தண்ணியோடு ஆட்களுக்குள் நடப்பவருக்கு அது பெரிய காரியமில்லை. பார்வைக்கு அந்தத் தண்ணீரில் ஒரு பிழையும் இல்லை. யன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால் மட்டும் அடியில் மெல்லிய நூல் போல ஏதோ அசைந்தது. "கண்ணால பாக்காதீங்க கிளாக்கர் ஐயா, மூக்கால பாருங்க," என்றார். மூக்கால் பார்த்தேன். சாக்கடைக் கான் மணம். மழை விட்ட பிறகு சந்தைப் பக்கத்துக் கான் மூடியைத் தூக்கினால் எழும்புமே, அதே மணம், கொஞ்சம் தூரத்திலிருந்து வருவது போல. கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டு நான் சொன்ன பதில் இன்றைக்கும் எழுத்துப் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. "நானா, முறைப்பாடு என்றால் எழுத்தில் தர வேண்டும்," என்றேன்.

அவரை ஊர் முழுவதும் தேத்தண்ணிக்கடை நானா என்றே சொல்லும்; முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் நானா என்றுதான் கூப்பிடுவோம். மூதூர்க்காரர். இளம் வயதில் கடற்குடாவைக் கடந்து திருகோணமலைக்கு வந்து, எங்கள் கந்தோருக்கு நேர் எதிரே பிரியும் சின்னச் சந்தான ஒழுங்கையின் மூலையில் கடை போட்டவர். மூதூர் போகும் லோஞ்சிப் படகுக்குக் காத்திருப்பவர்கள், துறைமுகத்தில் மூட்டை சுமப்பவர்கள், அரசாங்கக் கச்சேரிக்கு அலுவலாக வந்து 'நாளைக்கு வாருங்கள்' என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள், எங்கள் கந்தோர்க்காரர் எல்லாருக்கும் அங்கேதான் தேத்தண்ணி. யாராவது பாராட்டினால், "தேத்தண்ணியில தே ஒரெழுத்துத்தான், மத்ததெல்லாம் தண்ணிதானே," என்பார். அது வெறும் பகிடி இல்லை. கேத்திலில் ஊற்றுமுன் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி மணந்து பார்ப்பது அவர் வழக்கம். எங்கள் கந்தோர்தான் நகரத்துக்குக் குழாய்த் தண்ணீர் கொடுத்தது. அதன் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் மறுப்பு அறிக்கை ஒன்று வரும், அதை எப்படி எழுதுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அங்கே நீரியல் படித்தவர்கள் இருந்தார்கள், சுற்றுநிருபங்களை மனப்பாடமாக வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். தண்ணீரை மணந்து பார்த்த ஒருவரை நான் அங்கு கண்டதில்லை, என்னையும் சேர்த்து.

நாங்கள் தண்ணீர் கொடுத்த விதத்தை முதலில் சொல்ல வேண்டும். துறைமுகப் பக்கத்துக் குழாய்களில் பல, வெள்ளைக்காரன் காலத்தில் புதைத்தவை. எங்கே புதைக்கப்பட்டன என்பதற்கு வரைபடம் உண்டு. அந்த வரைபடம் எந்த அலுமாரியில் உண்டு என்பதுதான் ஒருவருக்கும் தெரியாது. பிறகு நகரம் பெருத்தது. கேட்டவர்களுக்கெல்லாம் இணைப்புக் கொடுத்தோம், கானுக்குக் குறுக்காக, கானுக்கு அடியால், சில இடங்களில் கானுக்கு உள்ளாலேயே. தண்ணீர் நாள் முழுவதும் ஓடாது. காலையில் சில மணித்தியாலம், பின்னேரம் சில மணித்தியாலம். மீதி நேரம் குழாய் வெறுமையாகக் கிடக்கும். வெறுமையாகக் கிடக்கும் குழாயில் என்ன நடக்கிறது என்பதை எனக்கு எந்தப் பொறியியலாளரும் விளக்கவில்லை. குழாய் பூட்டும் எங்கள் பிற்றர்தான் விளக்கினார். "அண்ணை, பைப்புக்கும் மூச்சு இருக்கு. தண்ணி வரேக்க வெளிய ஊதும், தண்ணி நிக்கேக்க உள்ள இழுக்கும். கானுக்குள்ள கிடந்தால் கானைத்தான் இழுக்கும்." இதை ஒரு குறிப்பாக எழுதித் தரச் சொன்னேன். "எழுத விருப்பமெண்டால் நான் ஏன் அண்ணை பைப் பூட்டுறன்?" என்று குழாய் திருகும் நீண்ட சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

தண்ணீரைப் பரிசோதிக்க ஒழுங்கு இருந்தது. ஒழுங்குக்கு எங்களிடம் ஒருநாளும் குறைவில்லை. மாதம் ஒருமுறை நகரின் பல பகுதிகளிலிருந்தும் மாதிரி எடுத்துக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும் என்று சுற்றுநிருபம் சொன்னது. நாங்கள் எடுத்தது எப்போதும் எங்கள் கந்தோர் முற்றத்துக் குழாயில். குளோரின் கலக்கும் தாங்கிக்கு ஆகக் கிட்ட இருந்த குழாய் அதுதான். ஐஸ் பெட்டியில் போக வேண்டிய போத்தல், வைக்கோல் சுற்றி ரயிலில் போகும். அங்கிருந்து வரும் பதில் இரண்டில் ஒன்றாக இருக்கும்: 'திருப்திகரம்', அல்லது 'தாமதமாகக் கிடைத்ததால் பரிசோதிக்கப்படவில்லை'. வருட முடிவில் அறிக்கை எழுதும்போது இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, 'பாதகமான முடிவு எதுவும் பெறப்படவில்லை' என்று எழுதுவோம். அந்த வசனத்தை அமைத்தவன் நான். நல்ல வசனம் என்று பாராட்டும் கிடைத்தது.

நானா சொன்னபடி எழுத்தில் தந்தார். பெட்டிசம் எழுதிக் கொடுக்கும் ஆட்கள் கச்சேரி வாசலில் வரிசையாக இருந்தும் அவர்களிடம் போகாமல், பாடசாலைக் கொப்பித் தாளில் தன் கையாலேயே எழுதியிருந்தார். "ஐயா, கடைக் குழாயில தண்ணி மிச்சம் மணக்குது. பாவிச்சு முடிக்க ஏலாம இரிக்கி. ஒருக்கா வந்து பாருங்க." இவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் பிறந்த ஒருவருக்கு இதில் விளங்காத சொல் இல்லை. 'மிச்சம்' என்றால் மிகவும். 'மணக்குது' என்றால் நாறுகிறது. மல்லிகையைச் சொல்வதானால் 'நல்லா மணக்குது' என்று சொல்வோம், வெறுமனே மணக்குது என்றால் மூக்கைப் பொத்த வேண்டியதுதான். ஆனால் அரச கருமமெல்லாம் ஒரே மொழியில் நடக்க வேண்டும் என்று ஆகிவிட்ட காலம் அது. எங்கள் அத்தியட்சகர் தென்பகுதியிலிருந்து மாற்றலாகி வந்தவர், தமிழ் அறியாதவர். ஆகவே தமிழில் வரும் ஒவ்வொரு பெட்டிசமும் கொழும்புக்குப் போய், சிங்களத்தில் மொழிபெயர்க்கப்பட்டு, உறுதிமொழிக் கையொப்பத்தோடு திரும்பி வந்தால்தான் அதன் மேல் நடவடிக்கை எடுக்கலாம். கடலோரத்தில் இருக்கிற கந்தோருக்கு, எதிர்க் கடைக்காரர் எழுதிய மூன்று வரியை வாசிக்க அவ்வளவு தூரம் போய் வர வேண்டியிருந்தது.

மொழிபெயர்ப்பாளரை நான் குறை சொல்ல மாட்டேன். புத்தகத்தில் தமிழ் படித்த மனிதர். கடலோரத்துத் தமிழைக் காதால் கேட்டிருக்க நியாயமில்லை. அகராதியைப் பார்த்து, ஒரு சொல்லையும் விடாமல் நேர்மையாக மொழிபெயர்த்திருந்தார். அகராதியில் மிச்சம் என்றால் எஞ்சியது. மணத்தல் என்றால் நறுமணம் வீசுதல். அதற்கு அவர் 'சுவந்தயி' என்று எழுதியிருந்தார், பூவுக்கும் சந்தனத்துக்கும் சொல்லும் சொல். ஆகத் திரும்பி வந்த பெட்டிசம் சொன்னது இது: மனுதாரரின் குழாயில் தண்ணீர் தேவைக்கு மேல் எஞ்சுகிறது; அது நறுமணம் உடையது; முழுவதையும் பாவித்து முடிக்க அவருக்கு இயலாதிருக்கிறது; ஒருமுறை வந்து பார்க்குமாறு அழைக்கிறார்.

நான் சிரித்தேன். இதை மறைக்கக் கூடாது. கண்ணீர் வரச் சிரித்துவிட்டுப் பக்கத்து மேசைக்கு வாசித்துக் காட்டினேன். கந்தோர் முழுவதும் சிரித்தது. "இனிப் பன்னீருக்கும் மீற்றர் பூட்டலாம் அண்ணை," என்றார் பிற்றர். ஆனால் அத்தியட்சகருக்கு அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. தனக்கு விளங்கும் மொழியில் வந்த ஒரு கடிதத்தை வாசித்து, எந்த ஒழுங்கான அதிகாரியும் எழுதக்கூடியதை எழுதினார்: 'பாராட்டுக் குறித்துக்கொள்ளப்பட்டது. அப்பகுதிக்குத் தண்ணீர் மிகையாகச் செல்வதாகத் தெரிகிறது. பின்னேர விநியோகத்தை நிறுத்தி, குறைவான பகுதிகளுக்குத் திருப்பிவிடுக.' அந்தக் கட்டளை நடைமுறைக்கு வருமுன், விடயத்துக்குப் பொறுப்பான லிகிதர் மொழிபெயர்ப்பை மூலத்தோடு ஒப்பிட்டுச் சுருக்கொப்பம் இட வேண்டும். விடயத்துக்குப் பொறுப்பான லிகிதர் நான்.

பிழை என்று எனக்குத் தெரியும். திருத்துவதற்கு முறை ஒன்று இருந்ததும் தெரியும். குறிப்பிட்ட படிவத்தில் மூன்று பிரதிகள் எழுதி, காரணம் காட்டி, மீண்டும் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். அன்று வெள்ளிக்கிழமை. கொழும்பிலிருந்து வந்த அந்தக் கடிதக் கட்டுக்குள் ஒன்றுக்குச் சுருக்கொப்பம் இடாவிட்டால் மற்றவையும் நகராது. இப்போதைக்கு இட்டு அனுப்புவோம், திங்கட்கிழமை திருத்தம் எழுதுவோம் என்று நினைத்தேன். இட்டேன். திங்கட்கிழமை வேறொரு கட்டு வந்தது. அத்தியட்சகரின் அறைக்குப் போய், வாயைத் திறந்து, 'சேர், இந்த ஊரில் மணக்குது என்றால் நாறுது' என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். அதற்குப் படிவம் இல்லை என்பதால் எனக்கு அது தோன்றவே இல்லை.

அப்படியாக, நாறுகிறது என்று முறையிட்ட ஒழுங்கைக்கு நாங்கள் பின்னேரத் தண்ணீரை நிறுத்தினோம். குழாய் இன்னும் அதிக நேரம் வெறுமையாகக் கிடந்தது. பிற்றரின் கணக்குப்படி அது இன்னும் அதிக நேரம் கானை உள்ளே இழுத்தது. காலையில் முதலில் வரும் தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் வரத் தொடங்கியது. நானா மறுபடி வந்து கேட்டார். "பெட்டிசம் குடுத்ததுக்கு வந்து பாப்பீங்க எண்டு பாத்தன். வந்த தண்ணியையும் வெட்டிட்டீங்களே ஐயா. நான் என்ன பிழையாயா எழுதின?" கடிதக் கோவை மேலிடத்தில் இருக்கிறது என்று சொன்னேன். கோவை என் மேசை லாச்சிக்குள் இருந்தது. அவர், "சரி, ஒங்கட குழாய் ஒங்களோட இரிக்கட்டும், நான் தண்ணிக்கு வேற வழி பாக்கன்," என்று போய்விட்டார். அடுத்த நாளிலிருந்து பாலையூற்றுப் பக்கத்து வளவுக் கிணறு ஒன்றிலிருந்து மாட்டு வண்டிலில் பீப்பா வைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார். கவனமாகத் துணியில் வடித்து, கொதிக்க வைத்து, கையில் ஏந்தி மணந்து பார்த்து, அதற்குப் பிறகுதான் தேயிலை போட்டார். நாங்கள் எல்லாரும் அதைத்தான் குடித்தோம். குழாய்த் தண்ணீர் கொடுக்கும் கந்தோர், கிணற்றுத் தண்ணீர்த் தேத்தண்ணி குடித்துக்கொண்டு, நகரத்துக் குழாய்த் தண்ணீர் திருப்திகரம் என்று எழுதியது.

மாரி மழை தொடங்கியபோது ஒழுங்கைக்குள் காய்ச்சல் வந்தது. முதலில் மலேரியா என்றார்கள். பிறகு டைபொயிட், அதாவது நெருப்புக்காய்ச்சல், என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வீட்டுக்கு வீடு படுத்தார்கள். இதில் யார் வேண்டுமானாலும் கவனித்திருக்கக்கூடிய ஒன்று உண்டு. முதலில் விழுந்தவர்கள் பெண்களும் சிறுபிள்ளைகளும். அந்த ஒழுங்கைப் பெண்கள் ஒருநாளும் தேத்தண்ணிக்கடைக்குள் கால் வைத்தவர்கள் இல்லை. வீட்டுக் குழாயில் பிடித்து, வீட்டில் குடித்தவர்கள். நானாவின் கடையில் நாளுக்குப் பலமுறை குடித்த துறைமுக ஆட்கள் கல்லுப் போல நடமாடினார்கள். துறைமுகத்தில் மூட்டை சுமக்கும் ஒருவரின் இளம் மனைவி, கல்யாணமாகி வருடம் திரும்பாதவள், மூன்றாம் கிழமை ஆஸ்பத்திரியில் இறந்தாள். அவளைக் கொண்டுபோன அன்று எங்கள் கந்தோர் யன்னல்களை மரியாதைக்காகச் சாத்தினோம். மரியாதை செய்வதிலும் நாங்கள் ஒழுங்கானவர்கள்.

இறப்பு ஒன்று நடந்துவிட்டால் காரணம் ஒன்று எழுதியாக வேண்டும். சுகாதாரப் பரிசோதகர் வந்தார். ஒழுங்கைக் குழாயில் ஒரு போத்தல் தண்ணீர் எடுக்கவில்லை. அது எங்கள் அதிகாரம், அவர் தலையிட ஏலாது. அவருடைய அதிகாரம் சாப்பாட்டுக் கடைகள் மட்டும். ஆகவே மூலையில் இருந்த ஒரே கடைக்குள் போனார். பின்பக்கத்தில் பீப்பாவைக் கண்டார். உணவு விற்பவர்கள் அங்கீகரிக்கப்பட்ட நீரை மட்டுமே பாவிக்க வேண்டும் என்பது சட்டம். அங்கீகரிக்கப்பட்ட நீர் என்பது எங்கள் குழாயில் வருவது. கிணற்றுத் தண்ணீர் அங்கீகரிக்கப்படாதது. கடையைப் பூட்டிக் கதவில் கடுதாசி ஒட்டினார்கள்: 'பொதுச் சுகாதாரத்துக்குத் தீங்கு. மூடப்பட்டது.' அதை வாசித்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல ஒன்றும் தேவைப்படவில்லை. பின்னேரத்துக்குள் இறங்குதுறை முழுக்கக் கதை பரவிவிட்டது, தேத்தண்ணிக்கடை நானாவின் தேத்தண்ணியில்தான் அந்தப் பெண்பிள்ளை செத்தாள் என்று.

விசாரணை எங்கள் அத்தியட்சகரின் அறையில் நடந்தது. மொழி தெரிந்தவன் என்று என்னை ஓரத்தில் இருத்திக் குறிப்பு எழுதச் சொன்னார்கள். நானா சலவைச் சட்டை போட்டு, தொப்பி வைத்து, யாரோ பெரிய மனிதர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர் போல வந்திருந்தார். ஏன் குழாய்த் தண்ணீரைப் பாவிக்கவில்லை என்று கேட்டார்கள். தண்ணீர் மணந்தது, அதைப்பற்றிப் பெட்டிசமும் கொடுத்தேன் என்றார். பெட்டிசத்தை எடுக்கச் சொன்னார் அத்தியட்சகர். நான் எழுந்துபோய் என் லாச்சியிலிருந்து எடுத்துவந்து கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். உண்மையாகவே குழம்பிப்போனார், பாவம். தண்ணீர் நறுமணமாகவும் மிகையாகவும் வருகிறது என்று இவரே எழுதியிருக்கிறாரே, அப்படியிருக்க எதற்காகக் கிணற்றுக்குப் போனார் என்று கேட்டார். அதை நான் தமிழில் நானாவுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

நானா சிரிக்கவில்லை. முதலில் பரிசோதகரைப் பார்த்தார். பரிசோதகர் எங்கள் ஊர் ஆள். மணக்குது என்றால் என்ன என்று அவருக்கும் நன்றாகத் தெரியும். அவர் தன் காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நானா என்னைப் பார்த்தார். "கிளாக்கர் ஐயா, நீங்க நம்மட ஊராள். சொல்லுங்களன், மணக்குதெண்டா என்ன? அண்டைக்கு ஒங்கட மேசையில கிளாஸக் கொண்டாந்து வச்சன். நீங்க மணந்தீங்க. அத்தர் மாதிரியா மணந்த?" நான் எழுந்து, அது நாறுகிறது என்ற பொருளில் எழுதப்பட்டது, மொழிபெயர்ப்பில் பிழை இருக்கிறது என்று அத்தியட்சகரிடம் சொன்னேன். காலம் பிந்தியாவது சொன்னேன் என்று இத்தனை வருடமும் என்னைத் தேற்றிக்கொண்டிருக்கிறேன். அவர் தாளின் அடியைக் காட்டி, "மூலத்தோடு ஒப்பிட்டதாக இங்கே சுருக்கொப்பம் இருக்கிறதே, இது யாருடையது?" என்று கேட்டார். என்னுடையது என்றேன். "ஒப்பிட்டீர்களா?" என்றார். ஒப்பிட்டேன் என்றால் மொழிபெயர்ப்பில் பிழை இல்லை என்றாகும். ஒப்பிடவில்லை என்றால் நான் பொய்ச் சுருக்கொப்பம் இட்டவன். எந்தப் பதிலுக்கு எந்தத் தண்டனை, எந்தப் பிரிவின் கீழ் என்பதெல்லாம் அந்த அறையில் எனக்குத்தான் மற்ற எல்லாரையும் விட நன்றாகத் தெரியும். அடுத்த வகுப்புப் பதவி உயர்வுக்கு என் பெயர் அந்த மாதம்தான் மேலே போயிருந்தது. "ஒப்பிட்டேன் சேர்," என்றேன். நானாவுக்கு அந்த மொழி அவ்வளவாகத் தெரியாது. ஆனால் அவருக்கு விளங்கிவிட்டது.

கடையைத் திரும்பத் திறக்க அனுமதிப்பதாகத் தீர்ப்பு வந்தது, தாராளமான தீர்ப்பு. ஒரே நிபந்தனை: கடையில் இருந்த குறையைத் திருத்திவிட்டதாகவும், இனிக் குழாய்த் தண்ணீரை மட்டுமே பாவிப்பதாகவும் எழுதிக் கையொப்பம் வைக்க வேண்டும். அந்தத் தாளை நான்தான் தமிழில் எழுதித் தெருவைக் கடந்து கொண்டுபோனேன். பூட்டிய கடைக்கு முன்னால் மர வாங்கில் நானா உட்கார்ந்திருந்தார். எழுத்துக்கூட்டி முழுவதும் வாசித்தார். "இதுல வச்சா கடயத் தொறக்கலாம், என்ன?" என்றார். ஓம் என்றேன். "இந்தத் தண்ணியில தேத்தண்ணி ஊத்திக் குடுத்தனெண்டா, அப்பத்தான் ஐயா நான் குற்றவாளி. இப்ப இல்ல." தாளை மடித்து என் சட்டைப் பையில் வைத்துவிட்டார். பிறகு சொன்னார்: "கட போனாப் போகட்டும். என்ட தேத்தண்ணியக் குடிச்சு ஒரு பொம்புளப் புள்ள மௌத்தாப் போனதெண்டு சொல்றாங்களே, அதத்தான் தாங்க ஏலா. நீங்க ஒரு துண்டு எழுதித் தாங்க. தண்ணிதான் பிழை, என்ட கட இல்லெண்டு, ஒரு வரி. கந்தோர் சீலோட. வேற ஒண்டும் வேணாம்."

கேட்டது ஒரு வரி. அதை ஏன் கொடுக்க ஏலாது என்பதை நான் அவருக்கு விளக்கமாகச் சொன்னேன். தண்ணீரில் பிழை என்று எழுத வேண்டுமானால் பரிசோதனை முடிவு வேண்டும். அந்த ஒழுங்கைக் குழாயில் மாதிரி எடுக்க அத்தியட்சகரின் கட்டளை வேண்டும். கட்டளைக்கு முறைப்பாடு வேண்டும். முறைப்பாடு பாராட்டாகப் பதியப்பட்டுவிட்டது. அவர் பொறுமையாகக் கேட்டார். முடிந்ததும், "நீங்க மிச்சம் படிச்ச ஆள் ஐயா," என்றார். அந்த மாதத்துக்குள் கேத்திலையும் கிளாஸ்களையும் சாக்கில் கட்டிக்கொண்டு மூதூர் லோஞ்சியில் ஏறிவிட்டார். கதை அவருக்கு முன்னமே அதே லோஞ்சியில் போய்ச் சேர்ந்திருந்தது. அங்கேயும் கடை போட்டார் என்றும், ஆட்கள் வரவில்லை என்றும் பிறகு கேள்விப்பட்டேன்.

அவர் போன பிறகு, மாரி முடியும் தறுவாயில், ஒழுங்கை மூலையில் தெரு உள்ளே இறங்கிக் குழி விழுந்தது. தோண்டினார்கள். நானும் போய்ப் பார்த்தேன். கானின் அடிக்கல் பிளந்து, அதற்குள் எங்கள் குழாய் கிடந்தது. மூட்டில் கட்டியிருந்த சணல் உக்கிப்போய்ப் பிற்றரின் விரல் உள்ளே போனது. அவர் விரலை எடுத்து எனக்கு முன்னால் நீட்டினார். "மணந்து பாருங்கோ அண்ணை," என்றார். நான் பார்க்கவில்லை. இரண்டு நாளில் புதிய துண்டு பூட்டி மூடினார்கள். பதிவேட்டில் 'வழமையான பராமரிப்பு' என்று எழுதப்பட்டது. அதற்குப் பிறகு அந்த ஒழுங்கையில் புதிதாக ஒருவரும் நெருப்புக்காய்ச்சலில் விழவில்லை. இதையெல்லாம் சேர்த்து, நானாவுக்குக் கடிதம் ஒன்று கொடுக்கலாம் என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். 'பார்த்தேன். கோவையிலிடுக' என்று சிவப்பு மையில் திரும்பி வந்தது. கோவையிலிட்டேன். அதற்கு மேல் யாரிடம் முறையிடலாம், எத்தனை நாளுக்குள், எத்தனை பிரதி என்றெல்லாம் தெரிந்தவன் அதோடு நிறுத்திக்கொண்டேன். பதவி உயர்வு வந்தது.

ஓய்வு பெற்று இப்போது மூன்று வருடமாகிறது. கந்தோருக்குப் புதிய கட்டடம் வந்துவிட்டது, பெரிய தாங்கி வந்துவிட்டது, மொழி பற்றிய ஏற்பாடுகள் சிலவும் மாறியிருக்கின்றன. மாதிரி எடுப்பது இன்னும் கந்தோர் முற்றத்துக் குழாயில்தான். போன மாதம் என் கண்ணால் கண்டேன். கேட்டதற்கு, அங்கேதான் எடுப்பது வழக்கம் என்று இளம் உத்தியோகத்தர் மரியாதையாகச் சொன்னார். எங்கள் வீட்டுக் குழாயில் ஏன் தண்ணீர் சிவப்பாக வருகிறது என்று எழுதிக் கேட்டேன். 'பாதகமான முடிவு எதுவும் பெறப்படவில்லை' என்று பதில் வந்தது. என் வசனம். அதை வாசித்த அன்றுதான், ஆத்திரத்தில், நான் லோஞ்சி பிடித்து மூதூருக்குப் போனேன்.

நானாவின் வீட்டை விசாரித்துப் போனேன். கண் பார்வை குறைந்து, கால் வீங்கி, வாசல் கதிரையில் இருந்தார். என் குரலைக் கேட்டதும் அடையாளம் கண்டார். "கிளாக்கர் ஐயாவா? வாங்க, வாங்க. புள்ள, தேத்தண்ணி ஊத்து." மகள் குசினிக்குள் போனாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "துண்டு கிடைச்சிட்டுதா ஐயா?" என்றார். இத்தனை வருடத்துக்குப் பிறகு நான் குடா கடந்து வந்தால், அது அந்தத் துண்டைக் கொண்டுவருவதற்காகத்தான் இருக்கும் என்று அவருக்குப் பட்டிருக்கிறது. வேறெதற்கு வருவேன்?

மகளிடம் ஒரு தாள் கேட்டு வாங்கினேன். மடியில் வைத்து எழுதினேன். இந்தக் கந்தோரில் இன்ன பதவி வகித்த நான் அறிந்தபடி, அந்த வருடம் ஒழுங்கைக்குள் வந்த நெருப்புக்காய்ச்சலுக்குக் காரணம் நாங்கள் கொடுத்த குழாய்த் தண்ணீர். கான் தண்ணீர் கலந்த குழாயை நான் கண்ணால் கண்டேன். இவருடைய கடையில் தேத்தண்ணி குடித்து ஒருவரும் நோயில் விழவில்லை. இவர் முன்கூட்டியே முறையிட்டார். அந்த முறைப்பாட்டின் மொழிபெயர்ப்பு பிழையென்று தெரிந்துகொண்டே சுருக்கொப்பம் இட்டவன் நான். பெயரையும் கையொப்பத்தையும் வைத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் தாளின் அடிப்பக்கத்தைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார்.

"சீல் எங்க ஐயா?"

"நான் இப்ப பென்சனில நானா. என்னட்டை சீல் இல்லை."

மறுபடி ஒருமுறை தடவிப் பார்த்தார். "சீல் இருந்த நேரம் எழுதியிருக்கலாம்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். பிறகு தாளை மகளிடம் நீட்டினார். அவள் தேத்தண்ணியை எனக்கு முன்னால் வைத்துவிட்டு, தாளை வாங்கி, கதிரைக்குப் பக்கத்தில் குனிந்து மெதுவாக வாசிக்கத் தொடங்கினாள். முதல் வரி முடியுமுன் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"என்ட காதுக்கு எதுக்குப் புள்ள? நமக்குத் தெரியும்தானே. எழும்பி வாசலுக்குப் போய்ச் சத்தமா வாசி. அடுத்த ஊட்டுக்கும் கேக்கட்டும்."

அவள் எழுந்து வாசலுக்குப் போய், முதலிலிருந்து வாசித்தாள்.